கறை எந்தப் பக்கம் பட்டிருக்கிறது?

மகளின் உடுப்பில் பீரியட்ஸ் கறை பட்டுவிட்டால் பெரும்பாலும் நம் வாயில் முதலில் வருவது, "கொஞ்சம் பார்த்து இருக்கக் கூடாதா?" அதை விழுங்கிவிடுங்கள். அவளிடம் கேட்க வேண்டியவை வேறு மூன்று: கறை எந்தப் பக்கம் பட்டது, எப்போது பட்டது, அப்போது பேட் முழுக்க நனைந்திருந்ததா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் காரணம் அநேகமாகப் பிடிபட்டுவிடும். பேடின் அளவு, அதை ஒட்டிய இடம், அதைத் தாங்கும் ஜட்டி, மாற்றிய நேரம் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று சரியில்லை என்பதைத்தான் கசிவு காட்டுகிறது. நான்கையும் சரிசெய்ய முடியும்.

கழற்றிய பேடைச் சுருட்டி எறிவதற்கு முன் ஒரு நிமிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பாதி வெள்ளையாகவே இருந்து, பின்விளிம்பு வரை நனைந்திருந்தால் பேட் முன்னால் தள்ளி ஒட்டப்பட்டிருக்கிறது. புதிதாக வயதுக்கு வந்த பெண்களிடம் மிக அதிகம் பார்ப்பது இதைத்தான். சிறுநீர் வரும் இடத்தை மனதில் வைத்து ஒட்டுகிறார்கள். ரத்தம் வரும் துளை அதற்கும் பின்னால் இருக்கிறது. 2 அல்லது 3 செ.மீ. பின்னால் நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். கறை ஒரு பக்க ஓரமாக ஓடியிருந்தால் ஜட்டி தளர்ந்திருக்கிறது, அல்லது பேடின் ஓரத்தில் இறக்கை போல நீண்டிருக்கும் ஒட்டும் பகுதியான விங் அந்தப் பக்கம் பிரிந்திருக்கிறது. பேட் நடுவில் மடிந்து கயிறு போலச் சுருண்டிருந்தால் தொடைகளுக்கு நடுவே நசுங்கியிருக்கிறது. நீளம் அகலம் எல்லாம் இருந்தும் ரத்தம் இறங்க இடமில்லாமல் ஓரமாக வழிந்துவிடும். நுனியிலிருந்து நுனி வரை கனத்து நனைந்திருந்தால்தான் 'பேட் போதவில்லை' என்று அர்த்தம். அப்போது மட்டும் பெரிய அளவுக்கு மாறுங்கள், அல்லது சீக்கிரம் மாற்றச் சொல்லுங்கள்.

ஒட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஜட்டியை முழங்கால் வரை இறக்கிக்கொண்டு உட்கார வேண்டும். விங்ஸ் இருக்கும் பகுதி, ஜட்டியின் கவட்டுத் துணி எங்கே மிகக் குறுகலாக இருக்கிறதோ அங்கே வர வேண்டும். முதலில் நடுப்பகுதியை ஒட்டி, அங்கிருந்து முன்னும் பின்னும் உள்ளங்கையால் சில விநாடிகள் அழுத்த வேண்டும். விங்ஸ் காகிதத்தைக் கடைசியில்தான் உரிக்க வேண்டும். முதலிலேயே உரித்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பேட் கோணிவிடும். விங்ஸைத் துணிக்கு அடியில் இறுக்கமாக மடித்து ஒட்டிய பிறகு ஜட்டியை மேலே ஏற்றி, பேட் உடம்போடு சேர்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பேடுக்கும் உடம்புக்கும் இடையில் இடைவெளி இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பேடும் கசியும். ஈரமான ஜட்டியில் பசை பிடிக்காது. சரியாகக் காயாததைப் போட்டுக்கொண்டு ஓடும் அவசரக் காலைகளில் பேட் நகர்ந்து போவதற்கு இதுதான் காரணம்.

இந்த விஷயத்தில் பேடைவிட ஜட்டிக்குத்தான் நான் அதிக முக்கியத்துவம் தருவேன். எலாஸ்டிக் தளர்ந்த பழையதை 'எப்படியும் கறை படப்போகிறது' என்று பீரியட்ஸுக்கு ஒதுக்கி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கசிவை வரவழைப்பதே அதுதான். தொடை ஓரத்தில் எலாஸ்டிக் உள்ள, உடம்பைப் பிடித்து நிற்கும் அடர்நிறப் பருத்தி ஜட்டிகள் ஐந்தாறு இதற்கென்றே தனியாக இருக்கட்டும். ஷார்ட்ஸ் மாதிரி கால் உள்ளவற்றில் கவட்டுத் துணி அகலமாக இருப்பதால் விங்ஸ் சுற்றி வராது. அதை மேலே இரண்டாவது அடுக்காகப் போடலாம். பேடை ஒட்டுவதற்கு உதவாது.

பேட் அட்டையில் நீளம் மி.மீ. கணக்கில் இருக்கும். சுமார் 230–240 சாதாரண அளவு, 280–290 அதிகம் போகும் நாளுக்கு, 320-உம் அதற்கு மேலும் இரவுக்கு. முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் ரத்தத்தின் பெரும்பகுதி போய்விடும் என்பதால் ஒரே அளவில் மொத்தமாக வாங்காமல் இரண்டு மூன்று அளவுகளைக் கலந்து வாங்குங்கள். மெலிந்த உடம்புள்ள சின்னப் பெண்ணுக்கு மிகப் பெரிய பேடைப் பகலில் கொடுத்தால் அது மடிந்து சுருண்டு, சின்ன பேடைவிட மோசமாகக் கசியும்.

ஒரு பேடின் மேல் இன்னொன்றை வைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். மேல் பேடின் அடியில் நீர் புகாத பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு சொட்டுகூடக் கீழே உள்ளதற்குப் போகாது. மேலே உள்ளது நிறைந்ததும் ஓரமாகத்தான் வழியும். கனம் கூடியதால் உடம்போடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டும் நிற்கும். இரண்டு தேவைப்படும் இரவில் நீளவாக்கில் வையுங்கள்: ஒன்று வழக்கமான இடத்தில், இன்னொன்று அதன் பின்நுனியில் கொஞ்சம் ஏறினாற்போல் இடுப்பை நோக்கி.

இரவுக் கசிவு தனிக் கதை. நிற்கும்போது ரத்தம் கீழே இறங்குகிறது. மல்லாந்து படுத்தால் புட்டங்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் வழியாக முதுகுப் பக்கம் ஓடுகிறது. பேட் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலே பாலம் போல நிற்பதால், எவ்வளவு நீள பேட் வைத்தாலும் விடிந்ததும் பின்பக்கம் கறை இருக்கும். இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. சுத்தமான டிஷ்யூ இரண்டு மூன்றை விரல் தடிமனுக்கு நீளமாக மடித்து, பேட் வைத்த பிறகு அந்தப் பள்ளத்தில் மேலாகப் பொருத்திக்கொண்டு ஜட்டியை ஏற்றிவிட வேண்டும். ஓடி வருவதை அது உறிஞ்சிக்கொண்டு பேட் பக்கம் திருப்பிவிடும். முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். குப்புறப் படுக்கும் பெண் என்றால் பேடை முன்னால் நகர்த்த வேண்டும். படுக்கைக்குப் போகும் நேரத்திலேயே புது பேட் மாற்ற வேண்டும்; எட்டு மணிக்கு மாற்றியது பதினோரு மணிக்குப் படுக்கும்போது பாதி நிறைந்திருக்கும். படுக்கையில் அடர்நிறத் துண்டு ஒன்றை விரித்துவிட்டால் பயமில்லாமல் தூங்குவாள்.

பேன்டி போலவே மாட்டிக்கொள்ளும் டிஸ்போசபிள் பீரியட் பேன்டிகள், துவைத்துப் பயன்படுத்தும் பீரியட் ஜட்டிகள் இரண்டுமே இரவுக்கும் பயணத்துக்கும் நல்லவை. துவைக்கும் வகையில், துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னர் போடக் கூடாது. அது துணியின் உறிஞ்சும் திறனைக் கெடுத்துவிடும். நீச்சலுக்கு பேட் பயன்படாது, தண்ணீரையே குடித்து ஊதிவிடும். உடம்புக்குள் வைத்துக்கொள்ளும் டாம்பனும் (ரத்தத்தை உறிஞ்சும் சின்னப் பஞ்சுக் குழல்) கப்பும் (ரத்தத்தைச் சேகரிக்கும் சின்னக் கிண்ணம்) பதின்வயதிலேயே பயன்படுத்தக்கூடியவைதான், ஆனால் விருப்பம் அவளுடையதாக இருக்க வேண்டும். டாம்பனை 8 மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடக் கூடாது. அது உள்ளே இருக்கும்போது திடீர்க் காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், தோலில் சிவப்புத் தடிப்பு வந்தால் உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பள்ளியில் கசிவது பெரும்பாலும் எழுந்து நிற்கும் நொடியில். நெடுநேரம் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே தேங்கிய ரத்தம் எழுந்ததும் மொத்தமாக இறங்குகிறது. பேட் நிறையவே இல்லை, ஆனாலும் கசிந்தது என்று அவள் சொன்னால் நம்புங்கள். அத்தனை வேகமாக வருவதை உறிஞ்ச பேடுக்கு நேரம் போதாது. கட்டியாக வந்தால் உறிஞ்சவே முடியாது, மேலேயே நின்று நகரும். மெதுவாக எழுந்திருக்கவும், எழுந்ததும் நேராகக் கழிவறைக்குப் போகவும் பழகிக்கொள்வது நல்லது. முதல் இரண்டு நாள் கிளம்பும் முன், முதல் இடைவேளை, மதிய இடைவேளை, பள்ளி விடும்போது என்று நான்கு முறை பேட் மாற்றுவதை நிலையாக வைத்துக்கொண்டால் 'நனைந்துவிட்டதா?' என்ற யோசனையே வேண்டாம். பிறகு குறைந்த நாட்களில் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். கழிவறை அசுத்தமாக இருப்பதால் போகாமலே நாள் முழுக்க ஒரே பேடில் இருக்கும் பெண்கள் நிறைய. மாற்றாததன் காரணம் இதுவா என்று மென்மையாகக் கேட்டுப் பாருங்கள். காரணம் அதுவானால் பேச வேண்டிய இடம் பள்ளி.

பையில் ஒரு சின்ன ஜிப் பவுச்: பேட் மூன்று, மடித்த ஜட்டி ஒன்று, டிஷ்யூ, பயன்படுத்தியதைச் சுற்றக் காகிதம், அழுக்கு ஜட்டியை வைக்க நீர் புகாத கவர். பீரியட்ஸ் முடிந்த அன்றே திரும்ப நிரப்பி வைத்துவிட வேண்டும். பவுச் இல்லாத நாளில் மாட்டிக்கொண்டால், டிஷ்யூவை நீளமாக மடித்துக் கவட்டில் வைத்து, இன்னும் கொஞ்சத்தை ஜட்டியோடு சேர்த்து மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால் நகராது. அரை மணி நேரம் தாங்கும். உடுப்பில் பட்டுவிட்டால் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டலாம், பாவாடை என்றால் கறை பக்கவாட்டில் வரும்படி சுற்றிவிட்டுப் பையால் மறைக்கலாம். ஆசிரியரிடம் சொல்ல ஒரு வாக்கியத்தை வீட்டிலேயே சொல்லிப் பழகட்டும்: "மிஸ், பீரியட்ஸ், அவசரமா வெளியே போகணும்." ஆண் ஆசிரியரானால் "சார், உடம்பு சரியில்லை, உடனே போகணும்" போதும். "பின்னாடி பட்டிருக்கா பாரு" என்று கேட்க வகுப்பில் ஒரு தோழி இருந்தால் பெரிய பலம். வீட்டில் பேட் எங்கே இருக்கிறது, எந்த அளவு வாங்க வேண்டும் என்பது அப்பாவுக்கும் தெரிந்திருக்கட்டும்.

தேதியை நம்பி முதல் சில ஆண்டுகளை ஓட்ட முடியாது. வயதுக்கு வந்த புதிதில் எல்லா மாதமும் கருமுட்டை வெளிவருவதில்லை. அதனால் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். கருப்பையின் உள்படலம் தடித்துப்போய் ஒரு மாதம் அளவுக்கு மீறிப் போவதும் உண்டு. ரத்தம் வந்த முதல் நாளிலிருந்து அடுத்த முறையின் முதல் நாள் வரை எண்ணி எழுதிவைக்கக் கற்றுக்கொடுங்கள். அதோடு அவள் உடம்பு முன்கூட்டிக் காட்டும் அடையாளங்களையும் எழுதட்டும்: மார்பில் வலி, அடிவயிற்றில் இழுப்பு, பழுப்பாக லேசாகப் படுவது. அவை தெரியும் நாளிலிருந்து பேன்டிலைனர் என்னும் மெல்லிய சின்ன பேட் ஒன்றைப் போட்டுக்கொண்டால் எதிர்பாராத முதல் கறை துணிக்கு வராது.

கறையைத் துவைக்க வெந்நீர் கூடாது. சூட்டில் ரத்தத்தின் புரதம் உறைந்து நூலோடு பிடித்துக்கொள்ளும். துணியைத் திருப்பி, கறையின் பின்பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் விழும்படி குழாயடியில் பிடித்தால் வந்த வழியே வெளியேறும். பிறகு சோப்புப் போட்டுக் கசக்கி, அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவிட வேண்டும். காய்ந்துபோன கறைக்கு என்சைம் உள்ள டிடர்ஜென்ட் கலந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறல். வெள்ளைத் துணி என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை நேராகக் கறைமேல் சில சொட்டு விடலாம். நுரைத்துப் பொங்கும், 5 நிமிடம் கழித்து அலசி, தேவையானால் மறுபடி விடலாம். சாயத் துணியில் மடிப்பு ஓரத்தில் சோதித்துப் பார்த்த பிறகுதான். கறை முழுக்கப் போகும் வரை இஸ்திரி போடாதீர்கள். மெத்தையில் பட்டால் தண்ணீர் ஊற்றாமல், ஈரத் துணியால் கறையின் வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும். துவைக்க அவளுக்குக் கற்றுக்கொடுங்கள், தண்டனையாகக் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் செய்தும் கசிகிறதா? அப்போது பேடை விட்டுவிட்டு ரத்தத்தின் அளவைப் பாருங்கள். ஒரு பீரியட்ஸில் வழக்கமாகப் போவது 30–40 மி.லி. ரத்தம், 80-ஐத் தாண்டினால் அதிகம். வீட்டில் யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை, ஆனால் அடையாளங்கள் உண்டு: ஒன்று இரண்டு மணி நேரத்தில் பேட் முழுக்க நனைவது, 2.5 செ.மீ.க்குப் பெரிய கட்டிகள், 7 நாளுக்கு மேல் நீடிப்பது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது, படியேறினால் மூச்சு வாங்குவது. பல மணி நேரம் தொடர்ந்து மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ மயக்கம் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். அடிக்கடி மூக்கில் ரத்தம் வருவது, பல் துலக்கும்போது ஈறில் வருவது, லேசாக இடித்தாலே கன்றிப்போவது இவையும் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வான் வில்லிபிராண்ட் என்னும் ரத்தம் உறைதல் குறைபாடு, பல பெண்களிடம் முதன்முதலில் வெளிப்படுவது அதிகமான பீரியட்ஸாகத்தான். "எனக்கும் அந்த வயசுல அப்படித்தான் போச்சு" என்று அம்மாவோ பாட்டியோ சொன்னால் அது ஆறுதலாகாது. குறைபாடு பரம்பரையில் வருவது என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதுவரை வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம், அது ரத்தப்போக்கைக் கூட்டும். வேறு வலி மாத்திரை எது சரி என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது எந்த நாளில் எத்தனை பேட், எந்த அளவு, எவ்வளவு நனைந்தது என்ற இரண்டு மாதக் குறிப்பைக் கொண்டுபோங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடம்பின் இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கலாம். அவளுடைய ஓயாத சோர்வுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.