ரவுட்டரை மாற்றினேன், கிண்ணியாக் கடை காணாமல் போனது

கடையின் பழைய இன்டர்நெட் லைனைக் கழற்றி ஃபைபர் போட்டது சனிக்கிழமை மத்தியானம். வந்த தம்பி அரை மணித்தியாலத்தில் வேலையை முடித்து, பழைய ரவுட்டரையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதில் என்னென்ன செட்டிங் இருந்தது என்று நான் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. நீங்கள் மாற்றப்போகிறீர்கள் என்றால், பெட்டி கையை விட்டுப் போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

திருகோணமலை ரவுணில் எங்களுக்கு ஒரு ஹாட்வெயார் கடை, கிண்ணியாவில் ஒரு கிளை. இரண்டின் பில்லும் ஏறுவது ஒரே மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில், அது ரவுண் கடைக் கம்பியூட்டரில். தம்பி போய்ப் பத்து நிமிடமாகவில்லை, கிளையிலிருந்து கோல்: "அண்ணன், பில் அடிக்க ஏலாமக் கெடக்கு. 2003 எண்டு ஏதோ வருது."

டேட்டாபேஸைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். நிறுத்தி மறுபடி தொடக்கினேன். அந்தக் கம்பியூட்டரிலேயே இருந்து பார்த்தால் எல்லாம் ஓடுகிறது. 2003க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 10060 என்று இருந்ததைக் கவனிக்காததுதான் என் மடத்தனம். 10061 என்றால் போய்த் தட்டிய இடத்தில் திறக்க ஆளில்லை. 10060 என்றால் தட்டியதற்குப் பதிலே இல்லை: முகவரி பிழை, அல்லது வழியில் எதுவோ மறிக்கிறது. அதற்கு டேட்டாபேஸை நோண்டி என்ன பயன்?

எங்கள் கடையின் இரண்டாவது கவுண்டரும் படுத்துவிட்டது அப்புறம்தான் தெரிந்தது. சேர்வருக்கு, அதாவது டேட்டாபேஸ் இருக்கும் கம்பியூட்டருக்கு, நான் நிரந்தரமாகக் கொடுத்திருந்த ஐபி முகவரி 192.168.1.10. புது ரவுட்டரோ 192.168.100 வரிசையில் ஐபி கொடுக்கிறது. சேர்வரை 192.168.100.10 ஆக்கினேன். மறுபடியும் 10060. புது ரவுட்டரைக் கண்டதும் விண்டோஸ் அதைப் பொது நெற்வேர்க் என்று எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து வருவதை மறிக்கும் ஃபயர்வோலை இறுக்கிவிட்டது. பிரைவேட் என்று மாற்றியதும் வந்தது பிழை 1045: இந்த முகவரியிலிருந்து வரும் இந்த யூசருக்கு அனுமதி இல்லை. அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தவன் நானாகத்தான் இருப்பேன். திட்டினாலும், திட்டுவது டேட்டாபேஸ் அல்லவா! டேட்டாபேஸில் கவுண்டரின் யூசரை 192.168.1.% என்று (% இருக்கும் இடத்தில் எந்த எண்ணும் வரலாம்) பழைய வரிசைக்குக் கட்டி வைத்திருந்தேன். மாற்றினேன், கவுண்டர் எழும்பியது.

கிண்ணியாதான் மிச்சம். ரவுட்டரில் 3306 போர்ட்டை, அதாவது டேட்டாபேஸுக்கு வரும் வாசலை, திறந்து சேர்வருக்குத் திருப்பிவிட்டேன். கடைக்குள்ளிருந்தே, இணையத்தில் தெரியும் வெளி ஐபியைப் போட்டுச் சோதித்தால் சில ரவுட்டர்களில் சரியாக இருந்தாலும் வேலை செய்யாது. அதனால் அதை நம்பாமல், ஞாயிறு வெயிலில் பைக்கை எடுத்துப் பாலம் தாண்டிப் போனேன். போனில் டேட்டாவைப் போட்டு இங்கிருந்தே பார்த்திருக்கலாம் என்று பாலத்தின் நடுவில்தான் உறைத்தது. அங்கேயும் அதே 10060.

திரும்பி வந்து ரவுட்டர் செட்டிங்கில் வெளி இணைப்பைக் காட்டும் வான் (WAN) பக்கத்தைப் பார்த்தால் 100.72 என்று தொடங்கும் ஐபி. இணையத்தில் என் ஐபி என்னவென்று கேட்டால் வேறொன்று. 100.64 முதல் 100.127 வரை உள்ளவை, ஒரே பப்ளிக் ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்குபோடும் சிஜிநாட் முகவரிகள். என் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தும் பிரயோசனமில்லை, கதவு இன்டர்நெட் கொம்பனியிடம். ஹொட்லைனுக்கு எடுத்தால், "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க சேர்." மூன்றாவது தடவை எடுத்தவர்தான், தனி ஐபி வேண்டுமென்றால் மாதாமாதம் மேலதிகக் கட்டணம் என்று வாய் திறந்தார். பூட்ட வந்த அன்றே சொல்லியிருக்கலாம்.

கட்டவில்லை. இரண்டு கம்பியூட்டரிலும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டேன். சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்தாலும் இரண்டையும் இணைத்துவிடும். வேடிக்கை, அது கொடுப்பதும் அதே 100 வரிசை ஐபிதான். 3306ஐ மூடிவிட்டேன். இத்தனை வருடம் அதை ஊருக்கே திறந்து வைத்து, கிளை யூசருக்கு எங்கிருந்தும் வரலாம் என்று அனுமதியும் கொடுத்திருந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இப்போது அந்த யூசர் கிளைக் கம்பியூட்டரின் டெயில்ஸ்கேல் ஐபியிலிருந்து மட்டும்தான் வரலாம்.

திங்கள் காலை கிண்ணியாவிலிருந்து முதல் பில் ஏறியது: அரை இஞ்சி பைப் எல்போ பன்னிரண்டு. இரண்டு நாள் கையால் எழுதிய பில் புத்தகம் இன்னும் அங்கே மேசையில் கிடக்கிறது. "அண்ணன்தானே ரவுட்டர மாத்தின" என்கிறான் கிளையில் நிற்கும் பையன், நியாயம்தான்.