ஸ்டாக்ஹோமில் ஒரு மாம்பழ லஸ்ஸி பீர்

ஸ்டாக்ஹோமின் தென்பகுதித் தீவான சோடர்மால்மில், ஸ்லுசென் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஹோக்கென்ஸ் காட்டா என்னும் தெரு வருகிறது. பீட்சாவும், சிற்றாலைகளில் வடிக்கும் கிராஃப்ட் பீரும் பரிமாறும் ஆம்னிபொல்லோஸ் ஹாட் என்ற சிறிய மதுக்கூடம் அங்கேதான் இருக்கிறது. பீர் வடிப்பாளர் ஹெனோக் ஃபென்டியும் ஓவியர் கார்ல் கிராண்டினும் சேர்ந்து தொடங்கிய ஆம்னிபொல்லோ நிறுவனம், சொந்த ஆலை இல்லாமல் பல ஆண்டுகள் பிறருடைய ஆலைகளில் பீர் வடித்தே பெயர் பெற்றது. இனிப்புப் பண்டங்களின் சுவையைப் பீருக்குள் கொண்டுவருவதில் அவர்களுக்குத் தனி ஈடுபாடு உண்டு. அந்த வகையில் நான் தேடிச் சென்றது, அவர்களுடைய பியாங்கா வரிசையைச் சேர்ந்த மாம்பழ லஸ்ஸி கோஸே என்னும் புளிப்பு பீர்.

இங்கே சில பீர்களின் மீது, ஐஸ்கிரீம் இயந்திரத்திலிருந்து இறங்கும் உறைகூழைச் சுருளாக வைத்துக் கொடுப்பார்கள். பீரின் சுவையை முதலில் தனியாக அறிய விரும்பியதால், எனக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழக்கூழ் கலங்கிய அடர்மஞ்சள் நிறத்தில், கண்ணாடிக்குள் ஒளி ஊடுருவாதபடி வந்தது பீர். மூக்கருகே கொண்டுசென்றதும் பழுத்த மாம்பழ வாசனை எழுந்தது. அதன் அடியில் தயிரின் மெல்லிய புளிப்பு மணமும் இருந்தது. முதல் மிடறில் நாவின் இரு ஓரங்களிலும் புளிப்பு கூர்மையாகப் பாய்ந்து, உடனே பாலின் வழவழப்பு அதைத் தணித்து, கடைசியில் மாம்பழத்தின் இனிப்பும் சிறிது உப்பும் சேர்ந்து நின்றன. அந்த உப்புதான் என்னைக் கவர்ந்தது. மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்று வளர்ந்த நாவுக்கு, உப்பு இனிப்பைக் குறைப்பதில்லை, எடுத்துக்காட்டுகிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உப்பு இதில் பிற்காலத்துப் புதுமையும் அல்ல. கோஸே என்பது ஜெர்மனியின் கோஸ்லார் நகரில் பிறந்து லைப்சிக்கில் செழித்த கோதுமை பீர். உப்பும் கொத்தமல்லி விதையும் அதன் இலக்கணத்திலேயே உள்ளவை. 1966-இல் லைப்சிக்கில் அதன் வடிப்பு நின்றுபோய், 1980-களில் மீண்டும் உயிர்பெற்றது. பிறகு அமெரிக்கச் சிற்றாலைகளும் வட ஐரோப்பியச் சிற்றாலைகளும் அதை எடுத்துக்கொண்டு பழங்களைச் சேர்க்கத் தொடங்கின.

இத்தகைய பீரைப் பெரும்பாலும் எப்படி வடிக்கிறார்கள் என்பதை அறிந்தால், குடிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் விளங்கும். மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய தானியத்தையும் கோதுமையையும் ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாற்றில், தயிரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களின் இனமான லாக்டோபேசிலஸைச் சேர்த்து வெதுவெதுப்பாக வைத்தால், ஓரிரு நாள்களில் அது புளித்துவிடும். பீருக்குக் கசப்பு தரும் ஹாப் மலர்கள் அந்த நுண்ணுயிரைத் தடுக்கும் என்பதால், அவற்றை இந்தக் கட்டத்தில் தவிர்த்துவிடுகிறார்கள். கசப்பு ஏறக்குறைய இல்லாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னர் கொதிக்கவைத்து நுண்ணுயிரை அழித்துவிட்டு, ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விடுகிறார்கள். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும். ஆனால் லாக்டோஸ் எனப்படும் பால் சர்க்கரையை வழக்கமான பீர் ஈஸ்ட்டால் நொதிக்க முடியாது. அதனால் அது அப்படியே தங்கி, இனிப்பையும் கெட்டித்தன்மையையும் தருகிறது. லஸ்ஸி என்ற பெயருக்கு அடிப்படை இந்த லாக்டோஸ்தான். பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டறிந்து குடிப்பது நல்லது.

இனிப்புப் பண்டத்தைப் பின்பற்றும் பீர்கள் பல இடங்களில் பழச்சாறு போலவே ஆகிவிடுகின்றன. வெனிலாவும் லாக்டோஸும் மிகுந்து, அரைக் கோப்பைக்குள் திகட்டிவிடுகின்றன. பியாங்கா அவ்வாறு ஆகாமல் தப்புவதற்கு அதன் புளிப்பே காரணம் என்பது என் முடிவு. சூடான பீட்சாவின் பாலாடைக்கட்டிக்கு இடையிடையே இதைக் குடித்தபோது, ஒவ்வொரு மிடறும் நாவைத் துடைத்துவிட்டு அடுத்த கடிக்கு ஆயத்தப்படுத்தியது. உணவோடு ஒத்துப்போகும் இந்தக் குணத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். கடைசியில் சுருளோடு வாங்கிய ஒரு சிறு கோப்பை பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கூழ் உருக உருகப் புளிப்பு மங்கியது. சுருளில்லாமல் குடிப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

பயணிகளுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. சுவீடனில் 3.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பீரைச் சில்லறையாக விற்கும் உரிமை பெரும்பாலும் அரசின் சிஸ்டம்போலாகெட் கடைகளுக்கே உண்டு. அவை சனிக்கிழமை பிற்பகலிலேயே மூடிவிடும், ஞாயிறு முழுவதும் திறப்பதில்லை. கேன்களை வாங்குவோர் அவற்றைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். பழக்கூழ் மிகுந்த பீரில் ஈஸ்ட் எஞ்சியிருந்தால், வெப்பத்தில் மீண்டும் நொதித்துக் கேன் உப்பிவிடக்கூடும். பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவர எண்ணுவதைவிட, அங்கேயே குழாயிலிருந்து புதிதாக வாங்கிக் குடிப்பதே சரி.