பேட்டரிக்கு அடியில் சிவப்பு உல்லன் நூல்

பிப்ரவரி வந்தால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு: கார் இஞ்சினைச் சுத்தம் செய்வது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, குன்னூரில் காலை பத்து மணிக்கு வாசலில் நல்ல வெயில் விழும் நாட்கள் அவை. அப்பாவின் மாருதி 800-ஐ அந்த வெயிலில் நிறுத்தி பானெட்டைத் திறந்துவிடுவேன். 1997 மாடல், டி.என். 43, கார்புரேட்டர் வண்டி. அப்பா போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன்.

வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் போயிற்று என்பார்கள். ஒருமுறை விட்டேன். இஞ்சின் மேல் டீசலைப் பீய்ச்சி, பிரஷர் பம்பில் தண்ணீர் அடித்து, பளபளவென்று கொடுத்தார்கள். மறுநாள் காலை வண்டி கிளம்பவே அடம்பிடித்தது. கிளம்பியதும் ஒரே மிஸ்ஸிங், இஞ்சின் திக்கித் திக்கி ஓடியது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைக் கழற்றினால் உள்ளே முத்து முத்தாய் நீர். கீழே கோயம்புத்தூரில் என்றால் ஒரு வெயிலில் காய்ந்திருக்கும். இங்கே மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் நனைந்தது நனைந்தபடியே கிடக்கும். டீசல் வேறு ரப்பர் ஹோஸ்களை ஊற வைத்துக் கெடுக்கும். அதோடு சரி, இந்த வேலையை யாரிடமும் கொடுப்பதில்லை.

முதலில் இலை. எங்கள் வீட்டைச் சுற்றித் தேயிலை, அதற்கு நிழலாகச் சில்வர் ஓக். அதன் இலை வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாக நுழைந்து, மட்கிக் கறுப்புச் சேறாகி, மழைநீர் வடியும் துளையை அடைத்துவிடும். வண்டிக்குள் கால் வைக்கும் இடம் காரணமில்லாமல் ஈரமாக இருந்தால் முதலில் இந்தத் துளையைப் பாருங்கள். ஈர்க்குச்சியால் குத்திவிட்டாலே போதும்.

அப்புறம் ஐந்து நிமிடம் இஞ்சினை ஓட விட்டு அணைப்பேன். நம் குளிரில் எண்ணெய்ப் பிசுக்கு மெழுகாய் இறுகியிருக்கும், கொஞ்சம் இளகினால்தான் பிரஷுக்கு வரும். ஆனால் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. அந்த நேரத்தில் பேட்டரி: நெகட்டிவ்வை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில்.

இந்த வருடம் பேட்டரியைத் தூக்கினால் அடியில் ஒரு எலிக்கூடு. காய்ந்த புல், தேங்காய் நார், நடுவில் வட்டமாகச் சுற்றி வைத்த சிவப்பு உல்லன் நூல். மகளின் பழைய ஸ்கூல் ஸ்வெட்டர்! உறைபனி இரவுகளில் அணைத்து நிறுத்திய இஞ்சினின் சூட்டுக்கு எலி வரத்தான் செய்யும். வெறும் கையால் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை. கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து நனைத்த பிறகே எடுத்தேன். ஒயர்களை விரல்கடை விரல்கடையாகத் தடவிப் பார்த்தேன். நல்லவேளை, கடிக்கவில்லை.

பேட்டரி டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடிக்குச் சமையல் சோடா கலந்த வெந்நீர். நுரைத்துக் கரைந்துவிடும். பிறகு லேசாக வாசலின்.

டிஸ்ட்ரிபியூட்டர், இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய் எல்லாவற்றையும் கட்டி மூட வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. ஆகவே கழுவிச் சேர்த்து வைத்த ஆவின் பால் கவர்களும் ரப்பர் பேண்டும்தான். பிசுக்கைக் கரைக்கும் டீகிரீசர் அடித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷால் தேய்த்து, திருப்பூர் பனியன் வேஸ்டால் துடைத்தேன்.

பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்தான். “அக்கா, ஹோஸ் பைப்ப வச்சு அடிச்சா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருங்களே?”

“முடிஞ்சிரும் தம்பி. அந்த அழுக்குத் தண்ணி எங்க போகும்?”

அவன் சரிவைப் பார்த்தான். எங்கள் சந்து முழுக்கத் தண்ணீர் பிடிக்கும் ஊற்று அங்கேதான் இருக்கிறது. பேசாமல் வந்து, வண்டிக்கு அடியில் சாக்கை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுவிட்டுப் போனான். செடிக்கு அடிக்கும் ஸ்பிரேயரில் அரை பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான் செலவு. இடுக்குகளில் நின்ற ஈரத்தைச் சைக்கிள் பம்பால் ஊதி, பால் கவர்களை அவிழ்த்து, பேட்டரியை மாட்டி, கால் மணி நேரம் ஓட விட்டேன். மினுமினுப்புக்காக மேலே எதையும் பூசவில்லை. அது தூசியைத்தான் பிடிக்கும், பெல்ட்டில் பட்டால் வழுக்கும்.

கழுவியதன் பலன் கழுவிய அன்று தெரியாது. பத்து நாள் ஓட்டிவிட்டு பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சேரும் இடத்தில், சுத்தமான உலோகத்தின் மேல், பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு பச்சைத் தடம். இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிகிறது! பழைய பிசுக்கோடு இருந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கவே படாது. மலையடிவாரக் கல்லாறிலிருந்து செகண்ட் கியரில் முனகிக்கொண்டு ஏறும்போதுதான் தெரிந்திருக்கும், அதுவும் நீராவியாக.

ஹோஸின் நுனி தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. புது ஹோஸும் கிளிப்பும் போட்டேன். போன சனிக்கிழமை மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும்போது மலைப்பாதை நடுவே பர்லியாரில் நிறுத்தி, அந்த இணைப்பைச் சுற்றி ஒரு வெள்ளைப் பனியன் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே வந்தது.