11 கிலோ கம்ப்யூட்டரும் கொடைக்கானல் பஸ்ஸும்

வத்தலக்குண்டு தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும் மனைவி கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டாள். என் மடியில் லேப்டாப் பை. மேலே வைக்க இடமில்லை, காலடியில் யாரோ கொட்டிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் பை இந்தத் தொடையிலிருந்து அந்தத் தொடைக்கு நகர்ந்தது. ஒன்றரைக் கிலோகூட இருக்காது, அதற்கே அலுத்துக்கொண்டேன். நான் யாரை நினைத்து மலையேறினேனோ, அவர் 'கையோடு கொண்டுபோகலாம்' என்று சொல்லி விற்ற கம்ப்யூட்டரின் எடை 11 கிலோ.

"அவரு இப்போ கொடைக்கானல்ல இருக்காரா?" என்றாள்.

"2003-லயே போய்ச் சேர்ந்துட்டார்."

"அதுக்கா இவ்வளவு வளைவு?" பழத்தை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள்.

அவர் பெயர் ஆடம் ஆஸ்போர்ன். 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆங்கிலேயர், அம்மா லூசியா போலந்துக்காரர். ரமணரிடம் பற்று கொண்ட குடும்பம். போர் நெருங்கியபோது அம்மாவும் மூன்று பிள்ளைகளும் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார்கள். அப்பா பாங்காக்கிலேயே ஜப்பானியரின் முகாமில் மாட்டிக்கொண்டார். 1945-ல்தான் வந்து சேர்ந்தார். ஆசிரமத்தின் ஆங்கிலக் காலாண்டிதழை 1964-ல் தொடங்கியவரும் அவர்தான்.

அதனால் எங்கள் பயணமும் திருவண்ணாமலையில்தான் ஆரம்பித்தது. முதல் நாள் அவளுக்காகக் கிரிவலம், மறுநாள் காலை எனக்காக ரமணாசிரமம். பழைய ஹாலில், ரமணர் சாய்ந்திருந்த சோபாவுக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தியானம் கைகூடவில்லை. கண்ணை மூடினால், இந்தத் தரையில் இருப்புக் கொள்ளாமல் நெளிந்திருக்கக்கூடிய ஐந்து வயது வெள்ளைக்காரப் பையன்தான் வந்தான். வெளியே மயில் ஒன்று விடாமல் அகவிக்கொண்டிருந்தது.

எனக்கு இவர்மேல் ஏன் இத்தனை ஒட்டுதல் என்றால், காரணம் வேர்ட்ஸ்டார், கம்ப்யூட்டரில் கடிதம், கட்டுரை அடிக்க அந்தக் காலத்தில் இருந்த மென்பொருள். 1991-ல் கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஒன்றின் பின்னறையில், ஒரே கம்ப்யூட்டருக்கு ஏழு பேர் வரிசையில் நின்று அதைக் கற்றுக்கொண்டோம். கன்ட்ரோல்-கே-டி அடித்தால் எழுதியது பத்திரமாகி மூடிக்கொள்ளும். மௌஸ் வந்து எத்தனையோ வருஷமாகியும் என் விரல் சில சமயம் அந்தப் பக்கம் போகிறது. அந்த வேர்ட்ஸ்டாரைக் கம்ப்யூட்டரோடு சேர்த்தே விற்றவர் இவர்.

சிறு வயதில் கொடைக்கானலில் பள்ளிப் படிப்பு, அப்புறம் இங்கிலாந்து, அமெரிக்காவில் கெமிக்கல் இன்ஜினியரிங்கில் டாக்டர் பட்டம். கலிஃபோர்னியாவில் எண்ணெய் கம்பெனி வேலை ஒத்துவராமல் மைக்ரோ கம்ப்யூட்டர் பற்றிப் புத்தகம் எழுதினார், தானே அச்சிட்டு விற்றார். 1979-ல் அந்தப் பதிப்பகத்தை மெக்ரா-ஹில் வாங்கிக்கொண்டது. பத்திரிகைப் பத்தியில் கம்ப்யூட்டர் கம்பெனிகளை விளாசிக்கொண்டிருந்தவர், கடைசியில் தானே செய்து காட்டக் கிளம்பிவிட்டார்.

1981 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஆஸ்போர்ன்-1 வெளிவந்தது. வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டைன். மூடினால் தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும், விமான சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு. உள்ளே இசட்-80 சிப், 64 கிலோபைட் நினைவகம், இரண்டு ஃபிளாப்பி டிரைவ், நடுவில் 5 அங்குலத் திரை. விலை 1,795 டாலர். கூடவே வேர்ட்ஸ்டார், கணக்குப் போட சூப்பர்கால்க், புரோகிராம் எழுத பேசிக். இவற்றைத் தனித்தனியாக வாங்கினாலே கிட்டத்தட்ட 1,500 டாலர் ஆகும் காலம் அது.

கறாராகப் பார்த்தால் இதில் அவர் புதிதாகக் கண்டுபிடித்தது என்று எதுவும் இல்லை. எல்லாம் கடையில் கிடைத்த சாமான்தான். ஆனால் அரிசி ஒரு கடை, பருப்பு ஒரு கடை என்று ஜனங்கள் அலைந்துகொண்டிருந்தபோது இலை போட்டு ஃபுல் மீல்ஸ் வைத்தவர் அவர். அதை நான் கண்டுபிடிப்பு என்றே சொல்வேன்.

ஒரு கட்டத்தில் மாதம் 10,000 வரை விற்றது. 1983 செப்டம்பரில் கம்பெனி திவால். அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசியதால், கையிலிருந்த மாடலை வாங்க ஆளில்லாமல் போனது என்பார்கள். இப்படி வாயால் கெடுவதற்கு வியாபார உலகில் இன்றைக்கும் 'ஆஸ்போர்ன் விளைவு' என்றுதான் பெயர். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையோடு கேப்ரோ என்ற போட்டிக் கம்ப்யூட்டர் வந்து நின்றது, இன்னொரு பக்கம் ஐபிஎம் வகை மிஷின்கள். வாயை மூடிக்கொண்டிருந்தாலும் கடை ரொம்ப நாள் ஓடியிருக்காது.

அப்புறம் மலிவு விலை மென்பொருள் கம்பெனி ஒன்று, அதில் லோட்டஸ் என்ற மென்பொருள் கம்பெனியோடு வழக்கு, 1990-ல் தோல்வி. மூளையில் அடிக்கடி சிறு சிறு பக்கவாதம் வரும் நோய். 1992-ல் இந்தியாவுக்கே திரும்பிவிட்டார். 2003 மார்ச் 18 அன்று கொடைக்கானலில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 64.

ஏரி பக்கம் பஜ்ஜிக் கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். "ஆஸ்போர்னா? லாட்ஜா சார்?" என்றார். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. பஜ்ஜி வைத்துக் கொடுத்த செய்தித்தாளில் எண்ணெய் படாத பக்கமாகப் பார்த்து, பேனாவால் 4 அங்குலத்துக்கு 3 அங்குலம் ஒரு கட்டம் போட்டேன். மூலைக்கு மூலை 5 அங்குலம். அவருடைய திரை இவ்வளவுதான், போஸ்ட் கார்டைவிடச் சின்னது. ஒரு வரிக்கு 52 எழுத்து, மிச்சத்தைப் படிக்கப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

மனைவி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒரு பஜ்ஜிதாங்க கொள்ளும்" என்று சொல்லிவிட்டு, கட்டத்துக்கு நடுவில் மிளகாய் பஜ்ஜியை வைத்தாள். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.