எதிராளிக்கு முதல் பேச்சு

நம் சங்க மலருக்குப் பள்ளி நினைவு கேட்டால் இவன் சினிமாக்காரரைப் பற்றி எழுதுகிறானே என்று சங்கத்துப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை. மண்டபம் பக்கம் என்னோடு படித்தவர்களுக்குப் பாடப் புத்தகம் மறந்திருக்கும், டூரிங் கொட்டகை மறந்திருக்காது.

கமல்ஹாசன் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். 1954 நவம்பர் 7 அன்று பரமக்குடியில் பிறந்தவர், அப்பா வக்கீல். மதுரைக்குப் போகிற ரயில் பரமக்குடி ஸ்டேஷனில் நின்றால், "இதான் கமலு பொறந்த ஊரு" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் வண்டி கிளம்பியதில்லை. அவர் சின்ன வயதிலேயே மெட்ராஸுக்குப் போய்விட்டார் என்பதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

'16 வயதினிலே' 1977இல் வந்த படம். எங்கள் கொட்டகைக்கு எல்லாப் படமும் ஊரெல்லாம் ஓடிக் களைத்த பிறகுதான் வரும். தரை டிக்கெட் என்றால் மணல். உட்காருமுன் மணலைக் குவித்து மேடு கட்டிக்கொள்ள வேண்டும். முன்னால் இருப்பவன் நம்மைவிட உயரமாகக் கட்டினால் அங்கேயே சண்டை. ஒரே புரொஜெக்டர், ஆகவே ரீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் விளக்கு எரியும், முறுக்குக்காரர் உள்ளே வருவார். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திரை உப்பிக்கொண்டு ஸ்ரீதேவியின் முகம் ஒரு பக்கமாகக் கோணும். அந்தக் கோணல் திரையிலும் கமலின் சப்பாணி காலை இழுத்துக்கொண்டு நடந்தது அப்படியே மனதில் பதிந்தது. மறுநாள் பள்ளி மைதானத்தில் அப்படி நடந்து பார்க்காத பையன் கிடையாது.

அப்போது எங்கள் தமிழய்யா வெள்ளிக்கிழமை மதியங்களில் சொற்போர் நடத்துவார். எந்தக் கட்சி பிடிக்கும் என்று முதலில் கேட்பார். சொன்னதும், எதிர்க் கட்சியில் பேச நிறுத்திவிடுவார். "டேய், உன் நியாயம் எங்கடா ஓடிப்போகப் போகுது? மொதல்ல அவன் நியாயத்தை அவனே ஒத்துக்கிற மாதிரி சொல்லு" என்பார். கடலா நிலமா, பனையா தென்னையா என்று சப்பைத் தலைப்புகள்தான். இருந்தாலும் படகு முதலாளியான சம்மாட்டியின் மகன் சம்மாட்டிக்கு எதிராகப் பேச வேண்டி வந்தபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. வெளிநாடு வந்து பிழைக்கத் தொடங்கிய பிறகு எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் அதுதான். கமலின் படங்களை நான் பார்ப்பதும் தமிழய்யா கண்ணால்தான்.

பள்ளிப் படிப்பை முடிக்காதவர் கமல். ஆனால் அவரைப் போல வாத்தியார் தேடிப் போய்க் கற்றவர்கள் சினிமாவில் குறைவு. 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் நடித்த பிள்ளைக்கு ஜனாதிபதி தங்கப் பதக்கம் கிடைத்தது. அதோடு நின்றிருந்தால் மற்றுமொரு குழந்தை நட்சத்திரம். அப்புறம் டி.கே. சண்முகம் அவர்களின் நாடகக் குழு, தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளர் வேலை, பாலசந்தரிடம் நடிப்பு. 'அவ்வை' சண்முகம் என்று பெயர் பெற்ற அந்த நாடக ஆசானின் பெயரைத்தான் 1996இல் பெண் வேடம் போட்ட 'அவ்வை சண்முகி' படத்துக்கு வைத்தார். அதன் இந்தி வடிவமான 'சாச்சி 420' (1997) வேறொருவர் இயக்கத்தில் தொடங்கிப் பாதியில் இவர் கைக்கு வந்தது. இயக்குநர் என்று அவர் பெயர் திரையில் வந்த முதல் படம் அது. சிரிக்கலாம், அதற்குமேல் அதில் எனக்கு ஒன்றுமில்லை.

'ஹே ராம்' (2000) வேறு ரகம். காந்தியைக் கொல்லக் கிளம்பிய ஒருவனைக் கதாநாயகனாக வைத்துக் காந்தியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற படம். 1946 கல்கத்தா கலவரத்தில் மனைவியைப் பறிகொடுத்த சாகேத் ராமின் ஆத்திரத்தை நமக்கே ஏற்றிவிட்டுத்தான் அதைக் கேள்வி கேட்கிறார். பாடல்கள் முதலில் வேறொருவர் மெட்டில் படமாகிவிட்டன. பிறகு வந்த இளையராஜா, நடிகர்களின் வாயசைவு மாறாமல் அந்தக் காட்சிகளுக்கே புது மெட்டுகள் போட்டார். தெரியாமல் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். படம் கல்லாவை நிரப்பவில்லை.

என் வோட்டு 'விருமாண்டி'க்கு (2004). சிறையில் இரண்டு கைதிகள். ஆயுள் தண்டனைக் கைதி கொத்தாளன் முதலில் பேசுகிறான். அவன் சொல்லச் சொல்ல விருமாண்டி வெறும் முரடன், அன்னலட்சுமியைப் பலவந்தமாகத் தூக்கிப்போனவன். தூக்குக் கயிற்றுக்குக் காத்திருக்கும் விருமாண்டி பிறகுதான் வாய் திறக்கிறான். அதே ஊர், அதே ஆட்கள், ஆனால் இப்போது அவள் விரும்பியே கூடப் போகிறாள். எழுதி, இயக்கி, தயாரித்து, கதாநாயகனாகவும் நடிக்கிற ஒருவர், முதல் பேச்சை வில்லனுக்குக் கொடுத்துத் தன்னைக் கேவலமாகக் காட்டிக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எங்கள் தமிழய்யா இருந்திருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார். வசனத்தை டப்பிங் பேசாமல் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பதிந்ததால், ஆட்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுவதுகூட நம் ஊர்ப் பஞ்சாயத்து போலவே கேட்கிறது.

'விஸ்வரூபம்' (2013) வந்தபோது எனக்கும் என் கீழக்கரை நண்பனுக்கும் பெரிய வாக்குவாதம். முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன, அரசு தடை போட்டது, சில இடங்களில் ஒலியை நீக்கி பிப்ரவரி 7இல்தான் தமிழ்நாட்டில் வெளியானது. தடை தப்பு என்பதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. ஆனால் அவன் கேட்டான்: "மாப்ள, விருமாண்டியில கொத்தாளனுக்குக் கொடுத்த நேரத்தை இதுல எங்க ஆளுங்களுக்குக் கொடுத்தாரா?" பதில் சொல்ல முடியவில்லை. கதாநாயகனே முஸ்லிம்தான் என்று இழுத்தேன், அது எடுபடவில்லை. இன்றும் அவன் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன்.

2018 பிப்ரவரி 21 அன்று கட்சி தொடங்கும் பயணத்தை அவர் ராமேஸ்வரத்தில் கலாம் வீட்டிலிருந்து ஆரம்பித்தபோது நம் வாட்ஸ்அப் குழு அல்லோலகல்லோலப்பட்டது. கலாம் படித்த பள்ளிக்குள் போக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை, மீனவர்களைப் பார்த்துப் பேசிவிட்டுப் பரமக்குடி வழியாக மதுரைக்குப் போனார். 2025 ஜூலையில் மாநிலங்களவையில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். அரசியல் சண்டைக்கு நான் வரவில்லை, சரியா?

எனக்கு இருக்கிற ஆதங்கம் ஒன்றுதான், 'மருதநாயகம்'. 1997இல் எலிசபெத் ராணியை அழைத்துத் தொடங்கி, அப்படியே நின்றுபோனது. அந்தப் படத்தின் நாயகன் மருதநாயகம் என்ற யூசுப்கான் நம் பழைய ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்ததாகச் சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பூலித்தேவரோடு போரிட்டு, பிறகு அதே கம்பெனியை எதிர்த்து நின்று, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர். துரோகி, வீரன், இரண்டு பட்டமும் உள்ள மனிதர். அந்தப் படம் முடிந்திருந்தால் தூக்கில் போட்டவர்களைத்தான் கமல் முதலில் பேசவிட்டிருப்பார் என்பது என் கட்சி. கீழக்கரைக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. மலர் வெளியீட்டு விழாவுக்கு வருகிறானாம், நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறான்.