அவர் பிறந்த நாளில் அந்த ஊரின் பெயர் என்ன?

குடும்ப மர மென்பொருளில் பிறந்த இடத்துக்கான கட்டத்தில் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டியதுமே கீழே ஒரு பட்டியல் விரியும். அதில் முதலில் நிற்கும் பெயரைச் சொடுக்கிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவது எளிது. நண்பர் ஒருவர் தம் பாட்டிக்கு அப்படித்தான் ‘ல்விவ், உக்ரைன்’ என்று பதிந்து வைத்திருந்தார். பாட்டி பிறந்தது 1905-இல். இன்றைய உக்ரைன் தனி நாடானது 1991-இல்.

அந்த நகரம் 1772-இல் போலந்தின் முதல் பிரிவினையின்போது ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்ப ஆட்சிக்குள் வந்து, லெம்பர்க் என்ற ஜெர்மன் பெயருடன் கலீசியா மாகாணத்தின் தலைநகராக இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அது போலந்தின் ல்வூஃப் ஆயிற்று. 1939-இல் சோவியத் படைகளும் 1941-இல் ஜெர்மானியப் படைகளும் அதைக் கைப்பற்றின. 1944-இல் மீண்டும் சோவியத் ஆட்சி வந்தது. குழந்தையாகவே அமெரிக்காவுக்குப் போய்விட்ட பாட்டி இவற்றில் எதையும் நேரில் காணவில்லை. ஆயினும் 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் பிறந்த நாடு ஆஸ்திரியா, 1930 கணக்கெடுப்பில் போலந்து. இரண்டில் ஒன்று தவறு என்று நண்பர் நினைத்தார். உண்மையில் 1930-இல், பிறந்த நாட்டை அப்போதைய எல்லைகளின்படியே எழுத வேண்டும் என்று கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. ஆகவே ஆவணம் தரும் நாட்டின் பெயர், பிறந்த காலத்தைச் சொல்கிறதா, எழுதப்பட்ட காலத்தைச் சொல்கிறதா என்பதை முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

நிகழ்வு நடந்த நாளில் அந்த இடம் எந்த ஆட்சிக்கும் எந்த நிர்வாகப் பிரிவுக்கும் உட்பட்டிருந்ததோ அதையே எழுதுவது என்பது நான் விடாமல் கைக்கொள்ளும் விதி. ஆனால் எந்த மொழியின் பெயர் என்ற கேள்விக்கு அந்த விதியில் விடை இல்லை. 1905-இல் கலீசியாவின் நிர்வாகம் போலிஷ் மொழியில் நடந்தது, வியன்னா அரசு லெம்பர்க் என்றது, கத்தோலிக்கத் திருமுழுக்குப் பதிவேடு லத்தீனில் எழுதப்பட்டது. நிர்வாக மொழியிலிருந்த பெயரை முதன்மையாக வைத்து மற்றவற்றை மாற்றுப் பெயர்களாகச் சேர்ப்பதே சரி என்று எனக்குப் படுகிறது. பெயர்களைத் தமிழில் எழுதிக்கொள்வோர் மூல மொழியின் எழுத்தில் உள்ள வடிவத்தையும் கட்டாயம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; ரஷ்யப் பெயரான ல்வோவும் போலிஷ் பெயரான ல்வூஃபும் தமிழில் வெறும் எழுத்துப் பிழைபோலத் தோன்றிவிடும்.

இதற்கு இத்தனை கவனம் எதற்கு என்றால், இடப்பெயர்தான் நம்மை ஆவணக் காப்பகத்துக்கு அழைத்துச் செல்கிறது. பழைய கிழக்குக் கலீசியாவின் திருச்சபைப் பதிவேடுகளில் ஒரு பகுதி ல்விவ் காப்பகத்திலும் மற்றொரு பகுதி போலந்தின் வார்சாவிலும் இருக்கின்றன. ‘உக்ரைன்’ என்று மட்டும் குறித்து வைத்தவருக்கு வார்சாவில் தேடத் தோன்றாது.

நகரத்தின் பெயர் மாறாமலே இடம் மாறிவிடுவதும் உண்டு. மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானது 1863 ஜூன் 20-ஆம் தேதி. வீலிங் நகரில் 1862-இல் பிறந்த அண்ணனுக்கு ‘வீலிங், ஒஹாயோ கவுன்டி, வர்ஜீனியா’ என்றும், 1864-இல் அதே வீட்டில் பிறந்த தம்பிக்கு ‘வீலிங், ஒஹாயோ கவுன்டி, மேற்கு வர்ஜீனியா’ என்றும் எழுத வேண்டும். இதில் ஒஹாயோ என்பது கவுன்டியின், அதாவது மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம் போன்ற பிரிவின் பெயர். நடுவிலுள்ள அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு இருவரையும் ஒஹாயோ மாநிலத்தில் சேர்த்துவிட்ட குடும்ப மரங்களை நான் கண்டிருக்கிறேன். சிறிய அலகிலிருந்து பெரிய அலகுக்குக் காற்புள்ளியிட்டு எழுதும் வழக்கத்தில் ஒரு படியை விட்டுவிட்டால் இத்தகைய இடறல் நேர்கிறது.

ஆஸ்லோ இதைவிட நுட்பமானது. நார்வேயின் தலைநகரம் 1925 ஜனவரி 1 அன்றுதான் அந்தப் பெயரை மீண்டும் பெற்றது. அதற்கு முன் அது கிறிஸ்டியானியா. ஆனால் 1624 தீவிபத்துக்குப் பின் நகரம் வேறிடத்தில் எழுப்பப்பட்டபோது, பழைய நகரம் இருந்த பகுதி ஆஸ்லோ என்ற பெயரையே தக்கவைத்துக்கொண்டது. எனவே 1880-ஆம் ஆண்டுப் பதிவில் ஆஸ்லோ என்று கண்டால் அது தலைநகர் முழுவதையும் குறிக்காமல் அதன் கிழக்குப் பகுதியை மட்டும் குறிக்கக்கூடும். ‘பிழை’ என்று கருதி அதைக் கிறிஸ்டியானியா என்று திருத்துபவர், ஆவணம் கொடுத்த துல்லியமான தகவலைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார். ஆவணத்தில் உள்ளதை உள்ளபடி ஒரு குறிப்பில் படியெடுத்துக்கொண்ட பிறகே என் முடிவை இடக் கட்டத்தில் எழுதுகிறேன். மாவட்டம் வரை மட்டுமே உறுதியானால் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரே பெயரில் நான்கு கிராமங்கள் இருக்கும் இடத்தில் யூகித்து ஒன்றை எழுதிவிட்டால், அடுத்து வருபவர் அதை ஆதாரமாகவே எடுத்துக்கொள்வார்.

நண்பரின் பாட்டிக்கு இப்போது ‘ல்வூஃப், கலீசியா, ஆஸ்திரியா-ஹங்கேரி’ என்று இருக்கிறது. லெம்பர்க், ல்வோவ், ல்விவ் ஆகியவை மாற்றுப் பெயர்களாக நிற்கின்றன. இரு கணக்கெடுப்புகளும் சொன்ன நாடுகள் அவற்றின் ஆண்டுகளோடு குறிப்பில் உள்ளன. வரைபடத்தின் புள்ளி மட்டும் இன்றைய ல்விவ் மீது இருக்கிறது.