கிரைண்டர் பந்தயம்

நவம்பர் 21, 2024, வியாழன்

ஆன் ஆர்பரில் இன்று மாலை எல்லார் முகத்திலும் சிரிப்பு. பக்கத்து ஊரான பெல்வில்லைச் சேர்ந்த பிரைஸ் அண்டர்வுட், எல்.எஸ்.யூ.வுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அமெரிக்கக் கால்பந்து ஆடப் போவதாகச் சொல்லியிருந்த பையன், மனசு மாறி எங்கள் ஊர் மிஷிகன் பல்கலைக்கழக அணிக்கே வருகிறானாம். பள்ளி முடிக்கும் குவார்ட்டர்பேக்குகளில், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்களில், நாட்டிலேயே முதல் ஆள் என்கிறார்கள். நல்ல சேதிதான். ஆனால் அவன் ஆடப்போவது அடுத்த வருஷம். எங்கள் பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம் இன்னும் ஒன்பது நாளில்.

போன ஜனவரியில் 15 ஆட்டமும் ஜெயித்துத் தேசியச் சாம்பியன் ஆன அணி இது. கோச் ஹார்பா தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்குப் போனார், நல்ல ஆட்டக்காரர்களில் பாதிப் பேரும் அங்கேயே போனார்கள். இப்போது 5 வெற்றி, 5 தோல்வி. பந்தை எறிய ஆள் இல்லை. டேவிஸ் வாரனை வைத்து ஆரம்பித்தார்கள், உட்கார வைத்தார்கள், வேறு இரண்டு பேரை முயன்று பார்த்தார்கள், கடைசியில் வாரனிடமே திரும்பி வந்தார்கள்.

நவம்பர் 23, சனி

நார்த்வெஸ்டர்னை 50-6 என்று அடித்தோம். சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. அதே நாளில் ஒஹாயோ ஸ்டேட், அதுவரை தோற்காத இந்தியானாவை 38-15 என்று நொறுக்கியிருக்கிறது. அந்த இந்தியானாவிடம்தான் நாம் 20-15 என்று தோற்றோம்.

இரவு ஒஹாயோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸிலிருந்து அத்தான் போன். அவர் அங்கேதான் எம்.எஸ். படித்தார், அக்காவும் அங்கே போனபின் கட்சி மாறிவிட்டாள்.

"மாப்ள, தேங்ஸ்கிவிங்குக்கு வர்றீங்கள்ல? சனிக்கிழமை வரைக்கும் இருந்து பாத்துட்டே போங்க. பாவமா இருந்தா கண்ணை மூடிக்கலாம்."

பந்தயம் கட்டினோம். தோற்றவர் பொங்கலன்று மாவரைத்த கிரைண்டரைக் கழுவ வேண்டும். கல்லைத் தூக்கி, அடியில் ஒட்டிய மாவைச் சுரண்டி, முழுசாக. அக்கா சாட்சி.

நவம்பர் 25, திங்கள்

பந்தயக் கணக்குப் போடுகிறவர்கள் ஒஹாயோ ஸ்டேட் ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்கிறார்கள். அநியாயம் என்று சொல்ல வாய் வரவில்லை. நம் பக்கம் நல்ல பந்து பிடிப்பவனான கோல்ஸ்டன் லவ்லண்ட் ஆடுவானா என்பதே சந்தேகம், தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரனான வில் ஜான்சன் இல்லவே இல்லை. அவர்கள் பக்கம் ஜெரமையா ஸ்மித், முதலாம் ஆண்டுப் பையன், காற்றில் எந்தப் பந்தையும் பறித்துவிடுகிறான். அவனோடு பந்து பிடிக்க எமேகா எக்புகாவும் இருக்கிறான்.

ஆபீஸில் மத்தியானம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அவர்கள் கை ஓங்கியிருக்கிறது, ஒரு இடத்தைத் தவிர. அது நட்டநடு. நம் தடுப்பு வரிசையின் நடுவில் மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட். ஆளுக்கு 140 கிலோவுக்கு மேல். அவர்கள் எதிரே நிற்க வேண்டிய ஒஹாயோவின் நடு ஆள் மெக்லாக்லின் போன வாரம் பயிற்சியில் குதிகால் தசைநார் அறுந்து படுத்துவிட்டான். இடது ஓரத்தைக் காக்கும் சிம்மன்ஸ் அக்டோபரிலேயே போய்விட்டான். அந்த வரிசையில் ஒட்டுப் போட்டுத்தான் ஆடுகிறார்கள்.

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? நடுவைத் தொடாமல் ஸ்மித்துக்கும் எக்புகாவுக்கும் எறிந்துகொண்டே இருப்பான். அப்படிச் செய்தால் நமக்குக் கதை முடிந்தது. ஆனால் 2021-லிருந்து மூன்று வருஷம் தொடர்ந்து நம்மிடம் தோற்றதில், ஒஹாயோ அணிக்கு முரட்டுத்தனம் போதாது என்ற பேச்சு ஊரெங்கும் இருக்கிறது. அதைப் பொய்யாக்க வேண்டும் என்று கோச் ரயன் டேக்கு உள்ளுக்குள் அரிப்பு இருக்கும். அந்த அரிப்பில், எறியாமல் பந்தோடு ஓடி நடுவிலேயே முட்டினால்?

இவ்வளவு எழுதிவிட்டு என் கணிப்பையும் எழுதி வைக்கிறேன்: ஒஹாயோ 24, மிஷிகன் 13. அத்தானிடம் சொல்லவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

தூக்கம் வரவில்லை, பழைய ஆட்டங்களைப் புரட்டினேன். 1897-லிருந்து நடக்கும் சண்டை, தேடினால் ஆறுதல் கிடைக்காமலா போகும்?

1969: ஒஹாயோ தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயித்திருந்தது. பயிற்சியாளர் வுடி ஹேஸின் பழைய சீடர் போ ஷெம்பெக்லர் மிஷிகனுக்கு வந்த முதல் வருஷம். 24-12, மிஷிகன். 1996: அந்த வருஷம் தோல்வியே அறியாத ஒஹாயோ, கொலம்பஸிலேயே 13-9 என்று தோற்றது. அதில் ஒஹாயோவின் ஷான் ஸ்பிரிங்ஸ் ஒரு நொடி கால் வழுக்க, டை ஸ்ட்ரீட்ஸ் பந்தோடு 69 யார்டு ஓடிவிட்டான்.

எனக்குப் பிடித்தது 1950 பனிப்புயல் ஆட்டம்தான். மிஷிகன் அன்று ஒரு முறைகூட பத்து யார்டு நகர்ந்து ஃபர்ஸ்ட் டவுன் வாங்கவில்லை. பூஜ்யம். பந்து கையில் இருப்பதே ஆபத்து என்று உதைத்து உதைத்து அனுப்பினார்கள், 24 தடவை. ஒஹாயோ உதைத்த பந்துகளைத் தடுத்து வந்த புள்ளிகளில் 9-3 என்று ஜெயித்தார்கள். எப்படி ஆடுவது என்று தெரியாத அணிக்கு இதைவிட நல்ல முன்னோடி கிடைக்குமா!

நவம்பர் 27, புதன்

யு.எஸ். 23-இல் தெற்கே மூன்று மணி நேரம். டொலிடோவைத் தாண்டும்போது மகளிடம் சொன்னேன், இந்த ஊருக்காக 1835-இல் மிஷிகனும் ஒஹாயோவும் ஆள் திரட்டிக்கொண்டு நின்றன என்று. டொலிடோ ஒஹாயோவுக்குப் போயிற்று, நமக்கு ஈடாக வடக்கே மேல் தீபகற்பம் கிடைத்தது. "யாருக்கு லாபம்?" என்றாள். டொலிடோவைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது.

கொலம்பஸில் பல்கலைக்கழக வளாகத்தில் பெயர்ப் பலகைகளில் உள்ள, மிஷிகனின் முதல் எழுத்தான எம்மின்மேல் எல்லாம் சிவப்புப் பெருக்கல் குறி. வருஷா வருஷம் இந்த வாரம் செய்வதுதான்.

நவம்பர் 28, வியாழன்

அக்கா வான்கோழி வேண்டாம் என்று மட்டன் பிரியாணி செய்தாள். சாப்பிட்டபின் அத்தான் கொஞ்சம் மனம் திறந்தார். ஒஹாயோவின் இந்த அணிக்குச் சுமார் 2 கோடி டாலர் செலவாம். "இந்த வாட்டியும் தோத்தா வெளிய தலைகாட்ட முடியாது மாப்ள." எனக்கு அப்போதுதான் உறைத்தது: எனக்கு இழக்க ஒன்றும் இல்லை. இவர் மூன்று வருஷமாகச் சரியாகத் தூங்கவில்லை.

நவம்பர் 30, சனி

மிஷிகன் 13, ஒஹாயோ ஸ்டேட் 10.

மறுபடி எழுதிப் பார்க்கிறேன். 13, 10.

முட்டினார்கள்! நடுவிலேயே முட்டினார்கள். ஒஹாயோ 26 தடவை ஓடி மொத்தம் 77 யார்டு. கிரஹாமும் கிரான்ட்டும் சுவர் மாதிரி நின்றார்கள். நம் ஆமிர் ஹால் ஒரு பந்தைப் பறித்து எல்லைக்கோட்டுப் பக்கம் கொண்டுபோனான், அதில் வந்ததுதான் நம் ஒரே டச்டவுன் (பந்தை அந்தக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது). நம் வாரன் எறிந்து சேர்த்தது 62 யார்டு, அவனிடமிருந்து அவர்கள் பறித்தது இரண்டு. பள்ளி நாளில் ரத்தப் புற்றுநோயைத் தாண்டி வந்த பையன், திட்ட மனசு வரவில்லை. ஆனாலும் நாலாவது கால் ஆட்டத்தில், கோட்டுக்கு அருகே வந்து ஒஹாயோவின் ஜாக் சாயரின் கையில் பந்தைக் கொடுத்தபோது திட்டிவிட்டேன்.

அவர்கள் கிக்கர் எளிதான இரண்டு ஃபீல்டு கோலை, அதாவது கம்பங்களுக்கு நடுவே உதைப்பதை, விட்டான். நம் ஸ்வாடா முன்பாதியில் 54 யார்டிலிருந்து போட்டிருந்தான். 10-10 என்று இருந்த ஆட்டத்தில் கடைசியாக நம் கெலல் மல்லிங்ஸ் பந்தை வாங்கினான். மொத்தம் 32 தடவை அவனிடம்தான் கொடுத்தார்கள். ஒரு ஓட்டத்தில் 27 யார்டு பிய்த்துக்கொண்டு போனான். அப்போது அத்தான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார், 45 விநாடி மிச்சமிருக்க ஸ்வாடா 21 யார்டிலிருந்து உதைத்தபோதும் திரும்பி வரவில்லை.

கத்தவில்லை. அடுத்தவர் வீடு. மகள் மட்டும் சோபாவில் குதித்தாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஆட்டம் முடிந்ததும் நம் பையன்கள் அவர்கள் மைதான நடுவில் கொடி நட்டு, அடிதடியாகி, போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம். கொடி வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஜெயித்த வீட்டில் கொஞ்சம் அடக்கமாக இருந்தால்தான் அடுத்த தடவை பிரியாணி கிடைக்கும்.

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பொங்கல். வீடியோவில் அத்தான் கிரைண்டர் கழுவினார். கல்லைத் தூக்கிக் காட்டச் சொன்னேன், காட்டினார். நேர்மையான மனுஷர்.

ஜனவரி 21, செவ்வாய்

நேற்று இரவு ஒஹாயோ ஸ்டேட் நோட்டர் டேமை 34-23 என்று வென்று தேசியச் சாம்பியன் ஆகிவிட்டது. சாம்பியனை முடிவு செய்யும் சுற்றில் இந்த வருஷம் முதல்முறையாகப் பன்னிரண்டு அணிகளுக்கு இடம் கொடுத்ததால், நம்மிடம் தோற்றும் உள்ளே போனார்கள். போய் எல்லாரையும் அடித்தார்கள்.

காலையில் அத்தான் போன். மனசார வாழ்த்தினேன்.

"சரி மாப்ள, இப்ப கிரைண்டர் யாரு கழுவணும்?"

பந்தயம் நவம்பர் ஆட்டத்துக்கு மட்டும் என்றேன். அக்காவைக் கேட்கலாம் என்றார். அக்கா போனை வாங்கி, இரண்டு பேரும் சேர்ந்தே கழுவுங்கள் என்று வைத்துவிட்டாள்.